முதலில் ஸ்டீராய்டு, பிறகு பயாப்சி: எச்.ஐ.வி. உள்ள ஒரு பெண்ணின் மூளை லிம்போமா

முன்குறிப்பு

நான் ஓர் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து) மையத்தில் மருத்துவராக இருக்கிறேன். இங்கே எழுதுவது, லிம்போமா என்ற வெள்ளணுப் புற்றுநோய் மூளையில் வந்து 2023-இல் எங்களிடம் சேர்ந்த ஒரு பெண்ணின் நோய் விவரம். அவரும் அவருடைய தம்பியும் எழுதச் சம்மதித்தார்கள். ஊர், குடும்பம், வேலை தொடர்பான சில விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

மூளையில் வளையம் போல ஒளிரும் கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்தால், நம்மூரில் மருத்துவரின் கை தானாகவே காசநோய் மாத்திரைக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுக்கும் போகிறது. காசநோய் இத்தனை பேருக்கு வரும் நாட்டில் அதைக் குறை சொல்ல முடியாது. நோயாளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, எதிர்ப்பாற்றல் செல்களின் எண்ணிக்கையான சிடி4 தரைமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது என்றால் கணக்கே வேறு. இந்தப் பெண்ணின் விஷயத்தில் அந்தக் கணக்கை முதலில் பார்த்தவர்கள் போடவில்லை. அடுத்துப் பார்த்த நாங்கள் போட்டோம், ஆனால் பாதியில் அவசரப்பட்டோம்.

பின்னணி

வயது 39. மேற்கு மாவட்டம் ஒன்றில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. 2014-இல் கணவருக்குக் காசநோய் வந்தபோது எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் இவருக்கும் பரிசோதனை செய்தார்கள். எச்.ஐ.வி. உறுதியானது. சிடி4 அப்போது 240. அந்த ஆண்டே கூட்டு மருந்து தொடங்கினார். இரண்டு வருடம் கழித்துக் கணவர் இறந்தார். மகனுக்குத் தொற்று இல்லை.

மருந்து தொடங்கியதிலிருந்து ஏழு வருடம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டிருக்கிறார். 2021-இல் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரைக்கு மாற்றப்பட்டார். அதே வருடம் கூடுதல் கூலிக்காக வேறு ஊருக்குக் குடிபோனார். லைன் வீடு, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். பின்னாளில் அவர் என்னிடம் சொன்னது இது: "டப்பாவை எடுத்தாலே கலகலன்னு சத்தம் கேக்குமுங்க. தெனமும் ராத்திரி ஒம்பது மணிக்கு அந்தச் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா என்ன மாத்திரைன்னு கேட்டாங்க. சத்து மாத்திரைன்னு சொன்னேன். மறுபடியும் கேட்டாங்க. அப்புறம் எடுக்கறதையே விட்டுட்டேனுங்க."

புது ஊரிலும் ஏ.ஆர்.டி. மையம் இருந்தது. பழைய மையத்தில் மாற்றுச் சீட்டு வாங்கிப் போயிருந்தால் மருந்து நின்றிருக்காது. அதைக் கேட்கப் போனால் எங்கே வேலை, எந்த வீடு என்று சொல்ல வேண்டிவரும் என்று பயந்து போகவில்லை. மையத்திலிருந்து போன் செய்தபோது எண் மாறியிருந்தது. பதிவேட்டில் "தொடர்பில் இல்லை" என்று ஒரு குறி. அவ்வளவுதான். ஏறத்தாழ 20 மாதம் மருந்து இல்லாமல் போனது.

முதல் அறிகுறிகள்

2023 ஜனவரி நடுவில் தலைவலி தொடங்கியது. அதோடு வேலையிலும் ஒரு சிக்கல். செக்கிங் என்றால் பீஸை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஒதுக்குவது. பத்து வருடப் பழக்கம் உள்ள கை அது. திடீரென்று அவர் பார்த்து அனுப்பிய பீஸ்கள் பிழையோடு திரும்பி வர ஆரம்பித்தன. சூப்பர்வைசர் திட்டினார். கண்ணாடி போடச் சொன்னார். இவரும் கடைக்குப் போய் 600 ரூபாய்க்குக் கண்ணாடி வாங்கினார். பிழை குறையவில்லை.

தவறவிட்ட பிழைகள் எல்லாம் பீஸின் ஒரே பக்கத்தில், அவருக்கு இடது கை ஓரமாக இருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை, கவனிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவும் நியாயமில்லை. வீட்டில் கவனித்தது 15 வயது மகன். தட்டில் வலது பாதிச் சோறு காலியாகும், இடது பாதி அப்படியே இருக்கும். "பொரியல் வேண்டாமாம்மா?" என்று கேட்டால், "பொரியல் எங்கடா வெச்சே?" என்பாராம். பையன் தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைச் சாப்பிட்டு முடிப்பார்.

மூளையின் வலது பக்கவாட்டு மடல் பழுதானால் கண் நன்றாக இருந்தும் உலகத்தின் இடது பாதி கவனத்திலிருந்து விழுந்துவிடும். தலைவலியோடு இது சேர்ந்து வந்தால் கண்ணாடிக் கடைக்குப் பதில் ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

முதல் மருத்துவமனையில்

மூன்று வாரம் கழித்து வேலை இடத்தில் வலிப்பு வந்தது. அருகில் இருந்த ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். சி.டி. ஸ்கேனில் வலது பக்கவாட்டு மடலில் வளையம் போல ஒளிரும் ஒரு கட்டியும் சுற்றிலும் வீக்கமும் தெரிந்தன. காசநோய்க் கட்டி, அதாவது டியூபர்குலோமா, என்று முடிவு செய்து நான்கு காசநோய் மருந்துகள், டெக்ஸாமெத்தசோன், வலிப்புக்கு ஃபெனிடாயின் தொடங்கினார்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே செய்யப்படவில்லை. இவரும் சொல்லவில்லை. பிறகு நான் கேட்டபோது, "யாரும் கேக்கலீங்க. கேட்டிருந்தாலும் அத்தனை பேரு நிக்கறப்ப சொல்லியிருப்பேனான்னு தெரியலீங்க" என்றார். இதில் அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. தனியாக அழைத்துக் கேட்க வேண்டியது மருத்துவமனையின் வேலை. காசநோய் என்று முடிவு செய்த எவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்ய வேண்டும் என்பது தேசியக் காசநோய்த் திட்டத்தின் விதி. அந்த ஒரு விதியைப் பின்பற்றியிருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டியே வந்திருக்காது.

நான்கே நாளில் தலைவலி போய்விட்டது. இடது கை தூக்க வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. காசநோய் மருந்துக்குக் கேட்கிறது என்று குறித்து, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காசநோய் மருந்து எந்தக் கட்டியையும் நான்கு நாளில் சுருக்காது. கேட்டது ஸ்டீராய்டுக்கு. காசநோய்க் கட்டியைச் சுற்றிய வீக்கமும் அதற்குக் கேட்கும், டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியால் வரும் கட்டியின் வீக்கமும் கேட்கும். லிம்போமா இன்னும் ஒரு படி மேலே போய், கட்டியே கரையும். லிம்போமா செல்களை ஸ்டீராய்டு நேரடியாகக் கொல்கிறது. சில வாரம் கட்டி மறைந்தே போகலாம். ஆனால் அது குணமில்லை, திரும்பி வரும். ஆக, ஸ்டீராய்டு கொடுத்ததும் தேறினார் என்பதை வைத்து எந்த நோயையும் உறுதி செய்ய முடியாது.

எங்களிடம் வந்தபோது

ஐந்து வாரம் கழித்து, மார்ச் நடுவில், அரைத்தூக்க நிலையில் கொண்டுவந்தார்கள். ஸ்டீராய்டு 2 மில்லிகிராமாகக் குறைந்திருந்தது. அது குறையக் குறையத் தலைவலியும் கை கால் தளர்ச்சியும் திரும்பிவிட்டன. வார்டில் சேர்த்த பிறகு தம்பி என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மஞ்சப்பையின் அடியிலிருந்து துணி சுற்றிய ஒரு பழைய ஏ.ஆர்.டி. புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். "அக்கா சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிருக்குங்க. ஆனா இனி மறைச்சா ஆளே இருக்காது போல" என்றார். அந்தப் பிற்பகல் முழுக்க எங்களுக்கு வழிகாட்டியது அந்தப் புத்தகம்தான்.

பரிசோதனையில் இடது கை கால் பலம் ஐந்துக்கு மூன்று. கண்ணின் உட்புறம் பார்த்தபோது பார்வை நரம்பின் தலை வீங்கியிருந்தது. கடிகாரம் வரையச் சொன்னோம். வட்டத்தை நன்றாகப் போட்டார். 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் வலது பாதிக்குள்ளேயே நெருக்கி எழுதிவிட்டு, சரியாக இருக்கிறது என்று தாளை நீட்டினார்.

சிடி4 31. இரத்தத்தில் வைரஸின் அளவான வைரல் லோடு இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். எம்.ஆர்.ஐ.யில் வலது பக்கவாட்டு மடலில் 4.2 சென்டிமீட்டர் கட்டி. அது இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் வழியாக மறுபக்கம் எட்டிப் பார்த்தது. மூளை அறையின் சுவரை ஒட்டியும் படர்ந்திருந்தது. நடுக்கோடு 6 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. டாக்சோபிளாஸ்மா ஐ.ஜி.ஜி. (பழைய தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்) எதிர்மறை. கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் ஆன்டிஜென் எதிர்மறை. நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் சுத்தம்.

எச்.ஐ.வி. உள்ளவர் மூளையில் கட்டி என்றால் உலகம் முழுக்க முதலில் நினைப்பது டாக்சோபிளாஸ்மா. நம் நாட்டில் காசநோயும் அதோடு போட்டி போடும். லிம்போமா மூன்றாவதாகத்தான் பேச்சில் வரும். இவருக்கு அதை முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டிய காரணங்கள் இருந்தன. டாக்சோ பெரும்பாலும் பல கட்டிகளாக, மூளையின் ஆழத்தில் உள்ள அடிக்கருக்களில் வரும். ஐ.ஜி.ஜி. எதிர்மறையாக இருந்து டாக்சோ மூளைக்காய்ச்சல் வருவது மிக அரிது. நான்கு சென்டிமீட்டரைத் தாண்டிய ஒற்றைக் கட்டி, கார்பஸ் கலோசத்தைக் கடப்பது, மூளை அறைச் சுவரோரம் படர்வது, சிடி4 50-க்குக் கீழ் என எல்லாமே ஒரே திசையைக் காட்டின. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த லிம்போமா அடிக்கடி வளையமாக ஒளிரும் என்பதையும் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு வரும் மூளை லிம்போமா பெரும்பாலும் முழுக் கட்டியாக ஒளிரும். இங்கே நடுவில் திசு செத்துவிடுவதால் வளையம் தெரிகிறது, பார்ப்பவர் தொற்று என்று நினைத்துவிடுகிறார்.

இந்த லிம்போமா ஏறத்தாழ எப்போதும் எப்ஸ்டைன்-பார் வைரஸோடு வருகிறது. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் அந்த வைரஸ் சின்ன வயதிலேயே புகுந்து அடங்கிக் கிடக்கிறது. அதைக் காவல் காக்கும் டி செல்கள் அழிந்துபோனால், அது குடியிருக்கும் பி செல்கள் கட்டுமீறிப் பெருகுகின்றன. தண்டுவட நீரில் அந்த வைரஸின் மரபணுவைத் தேடினால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சி இல்லாமலே நல்ல துப்பு கிடைக்கும். ஆனால் நடுக்கோடு நகர்ந்திருக்கும்போது முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் மூளை கீழே இறங்கி உயிர் போகலாம். அந்த வழி எங்களுக்கு மூடியிருந்தது.

முதல் முடிவும் எங்கள் தவறும்

வழக்கமான நடைமுறை, டாக்சோவுக்கு மருந்து தொடங்கி 10 முதல் 14 நாள் பார்ப்பது. தேறாவிட்டால் பயாப்சி. ஐ.ஜி.ஜி. எதிர்மறை என்பதால் அந்த இரண்டு வாரத்தைச் சும்மா கழிக்க வேண்டாம், மருந்தையும் தொடங்கி பயாப்சிக்கும் ஏற்பாடு செய்யலாம் என்று முடிவு செய்தோம். பைரிமெத்தமின் கையில் இல்லாததால் அதிக அளவு கோட்ரைமாக்சசோல். காசநோய் மருந்தை நிறுத்த ஆதாரம் போதவில்லை, தொடர்ந்தோம். பிறகு தொடங்கவிருந்த டோலுடெகிராவிரின் அளவை ஃபெனிடாயின் குறைக்கும் என்பதால் லெவெடிராசெட்டம் என்ற வேறு வலிப்பு மருந்துக்கு மாற்றினோம். டெக்ஸாமெத்தசோனை நிறுத்தினோம். மூளை வீக்கத்துக்கு 3 சதவீத உப்பு நீர்.

இதுவரை சரி. தவறு அடுத்ததில் நடந்தது. ஐந்தாம் நாள் நரம்பு அறுவை அரங்கில் ஓர் இடம் காலியானது. அதை விட்டால் 12 நாள் கழித்துத்தான் அடுத்தது என்றார்கள். ஐந்து வாரம் ஸ்டீராய்டு எடுத்தவருக்கு அதை நிறுத்தி நான்கு நாளே ஆகியிருந்தது. திசுவில் லிம்போமா செல்கள் திரும்பி வந்திருக்குமா என்ற கேள்வி எங்கள் எல்லோர் மனதிலும் இருந்தது. காலியான இடத்தை விட மனசு வரவில்லை. "எடுத்துப் பார்த்துடலாம்" என்று சொன்னது நான்தான்.

ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. நுரைத்த மேக்ரோஃபேஜ்கள் (செத்த திசுவை விழுங்கும் செல்கள்), சிறிய டி செல்கள், தழும்பு போன்ற எதிர்வினை. காசநோய்க் கிருமி இல்லை, காசநோயில் தெரியும் கிரானுலோமா இல்லை, புற்று செல்லும் இல்லை. மண்டையில் துளை போட்டும் விடை கிடைக்கவில்லை. நோயியல் மருத்துவர் போனில் வெளிப்படையாகவே சொன்னார்: "ஸ்டீராய்டு துடைச்சிட்டுப் போன இடம் மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டு எடுத்துக் குடுங்க."

அந்த இடைவெளி கடினமாகப் போனது. ஸ்டீராய்டு கொடுத்தால் இரண்டு நாளில் கண் விழித்துப் பேசுவார் என்பது எங்களுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். முதல் மருத்துவமனையில் அதைப் பார்த்தவர் அவர். "அந்த ஊசியே போட்டுடுங்க டாக்டர்" என்று ஒவ்வொரு ரவுண்டிலும் கேட்டார். ஏன் போடவில்லை என்று தினமும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. கண்பாவை விரிந்தாலோ நினைவு இன்னும் இறங்கினாலோ உடனே போட்டுவிடுவோம், அதுவரை பொறுங்கள் என்று ஒரு கோடு போட்டுக் கொடுத்தோம். அந்தக் கோட்டைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியது நல்லதாகப் போயிற்று. இரவுப் பணிக்கு வருகிறவர்கள் யாரும் இரக்கப்பட்டு ஊசியைப் போட்டுவிடவில்லை.

16-ஆம் நாள் எம்.ஆர்.ஐ.யில் கட்டி 5 சென்டிமீட்டரைத் தொட்டிருந்தது. 17-ஆம் நாளுக்குக் குறித்த இரண்டாம் பயாப்சி அன்று நடக்கவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர் என்பதால் அன்றைய பட்டியலில் கடைசியாகப் போட்டிருந்தார்கள். முந்தைய அறுவை நீண்டதும் இவருடையது தள்ளிப்போனது. 20-ஆம் நாள்தான் நடந்தது. கடைசியில் போடுவது பாதுகாப்புக்காக என்று இன்னும் பல இடங்களில் நம்புகிறார்கள். இரத்தத்தைக் கையாளும் முன்னெச்சரிக்கைகள் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான். பரிசோதிக்காத நோயாளிக்குத் தொற்று இருக்கலாம் என்பதால்தான் அப்படி வகுத்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. காரணமாகச் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்த மூன்று நாள் தாமதத்தை நான் இன்றும் பொறுத்துக்கொள்ளவில்லை. துறைக் கூட்டத்தில் எழுத்து மூலம் எழுப்பினேன்.

24-ஆம் நாள் விடை வந்தது. பெரிய பி செல் லிம்போமா, சிடி20 நேர்மறை, எப்ஸ்டைன்-பார் வைரஸ் நேர்மறை, பெருகும் செல்கள் 90 சதவீதம். முதல் அறிகுறியிலிருந்து பதினோரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று மாலையே டெக்ஸாமெத்தசோன் போட்டோம். கோட்ரைமாக்சசோலின் அதிக அளவையும் காசநோய் மருந்தையும் நிறுத்தினோம். மூன்றாம் நாள் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

கூட்டு மருந்து: எப்போது, எது

கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கும் மூளைக் காசநோய்க்கும் கூட்டு மருந்தைச் சில வாரம் தள்ளிப்போடுவோம். எதிர்ப்பாற்றல் சட்டென்று திரும்பினால் மூளைக்குள் அழற்சி பொங்கும். லிம்போமாவுக்கு அப்படிக் காத்திருக்கக் காரணம் இல்லை. அழிந்த காவலைத் திருப்பிக் கொண்டுவருவதே இங்கே சிகிச்சையின் பாதி. காசநோய் இல்லை என்று உறுதியான மறுநாளே தொடங்கினோம்.

டெனோஃபோவிரைத் தவிர்த்தோம், ஏனென்றால் அடுத்து கொடுக்கப்போகும் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்து உடம்பை விட்டு வெளியேறப் பெரும்பாலும் சிறுநீரகத்தையே நம்பியிருக்கிறது. எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் சிடோவுடினும் வேண்டாம். அபாகாவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்று முடிவானது. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினை நிறுத்தினாலும் அதன் தாக்கம் இரண்டு வாரம் கல்லீரலில் இருக்கும் என்பதால் அதுவரை டோலுடெகிராவிரை இரண்டு வேளை கொடுத்தோம். ஹெபடைடிஸ் பி இல்லை என்று முன்பே பார்த்துக்கொண்டோம். இருந்திருந்தால் டெனோஃபோவிரை இப்படி எளிதாக விட்டிருக்க முடியாது.

கதிரா, மெத்தோட்ரெக்சேட்டா

மூளைக்கு வெளியே நோய் எங்கும் இல்லை. கண்ணும் சுத்தம்.

புற்றுநோய்த் துறையோடு நடந்த கூட்டத்தில் இரண்டு கருத்து இருந்தது. படுக்கையில் கிடப்பவருக்கு முழு மூளைக் கதிர் சிகிச்சை எளிது, கையில் இருப்பது என்பது ஒன்று. கூட்டு மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் கதிரை மட்டும் வைத்து இவர்கள் பெரும்பாலும் சில மாதங்களே வாழ்ந்தார்கள். அந்த நாள் நினைவு இன்னும் பலர் முடிவைத் தீர்மானிக்கிறது. தப்பிப் பிழைத்தாலும் முழு மூளைக்குக் கதிர் கொடுத்தவர்களில் பலருக்கு நினைவாற்றல் மெல்ல மெல்லக் கரையும். எங்கள் வாதம், இவர் படுக்கையில் கிடப்பது கட்டியால்தான், உடம்பு தளர்ந்ததால் அல்ல என்பது. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, வயது 39. அதிக அளவு மெத்தோட்ரெக்சேட்டைத் தாங்குவார் என்றோம். ஏற்றுக்கொண்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செலவைச் சேர்த்தோம். பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் சேர்க்கலாமா என்றும் பேசினோம். சிடி4 இவ்வளவு கீழே இருக்கும்போது தொற்று பயத்தில் விட்டுவிட்டோம். வேறு மையம் சேர்த்திருக்கலாம், அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

31-ஆம் நாள் முதல் சுற்று. சதுர மீட்டருக்கு 3 கிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மருந்து ஏறுவதற்கு முன்பே சோடியம் பைகார்பனேட் ஏற்றிச் சிறுநீரைக் காரமாக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமாகப் படிந்துவிடும். 24 மணி நேரம் கழித்து அதன் நச்சை முறிக்கும் லூகோவொரின் தொடங்கி, இரத்தத்தில் மருந்து வடியும் வரை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்ததும் காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் வேலையைத் தம்பியிடம் கொடுத்தோம். நோட்டில் நேரமும் எண்ணும் எழுதுவார். காரத்தைக் காட்டும் அந்த எண் (பி.எச்.) 7-க்குக் கீழே வந்தால் உடனே நர்ஸிடம் ஓடுவார். அந்த நோட்டைப் போல ஒழுங்கான பதிவு எங்கள் கேஸ் ஷீட்டிலும் இல்லை.

நோய்த் தடுப்புக்குக் கொடுக்கும் சாதாரண அளவு கோட்ரைமாக்சசோலும் இதோடு சேரக்கூடாது. இரண்டும் ஃபோலேட்டைத் தாக்கும், மெத்தோட்ரெக்சேட் வெளியேறுவதையும் கோட்ரைமாக்சசோல் தடுக்கும். ஜி6பிடி என்ற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பதில் டாப்சோன் கொடுத்தோம். வயிற்று அமிலத்துக்கான பான்டோபிரசோலையும் நிறுத்தினோம்.

முதல் சுற்றுக்கு முன் ஒரு சின்ன பதற்றம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.7-லிருந்து 0.95-க்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் கெடுகிறதோ என்று புற்றுநோய்த் துறையினர் மருந்தை நிறுத்தப் பார்த்தார்கள். டோலுடெகிராவிர் சிறுநீரக வடிகட்டலைக் கெடுக்காமலே கிரியேட்டினின் வெளியேறுவதை மட்டும் கொஞ்சம் தடுக்கும். முதல் சில வாரத்தில் இந்த ஏற்றம் பலருக்கும் வரும். டோலுடெகிராவிர் தொடங்கிய பின் வரும் எண்ணைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். இதை விளக்கியதும் சுற்று நடந்தது.

இரண்டாம் சுற்றில் நடந்த பிசகு

இரண்டாம் சுற்றின் இரவில் உடம்பு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பணியில் இருந்தவர் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுவிட்டார். எந்த வார்டிலும் யோசிக்காமல் போடும் ஊசி அது. மெத்தோட்ரெக்சேட் உடம்பில் இருக்கும்போது போட்டால் சிறுநீரகத்தில் மருந்து வெளியேறும் வழியை அடைத்துவிடும். 72 மணி நேரத்தில் மருந்தளவு குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை, கிரியேட்டினின் 1.6. வாய் முழுக்கப் புண், நான்கு நாள் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. மெத்தோட்ரெக்சேட்டை உடைக்கும் நொதி மருந்து எங்களுக்குக் கிடைக்கிற பொருளில்லை. லூகோவொரின் அளவைக் கூட்டி, உப்பு நீரை ஏற்றி, காத்திருந்தோம். ஏழாம் நாள் வடிந்தது. மூன்றாம் சுற்று ஒரு வாரம் தள்ளிப்போனது.

அந்த இளம் மருத்துவரை நான் கடிந்துகொள்ளவில்லை. கூடாத மருந்துகளின் பட்டியல் என் மனதில் இருந்தது, கட்டில் தலைமாட்டில் இல்லை. மறுநாள் சிவப்பு மையில் எழுதி மாட்டினோம்: வலி மாத்திரை, வலி ஊசி வேண்டாம், கோட்ரைமாக்சசோல் வேண்டாம், பான்டோபிரசோல் வேண்டாம், வலித்தால் பாராசிட்டமால் மட்டும்.

பின்தொடர்ந்தவை

இரண்டு சுற்றுக்குப் பின் கட்டி பாதியாகச் சுருங்கியது. ஆறு சுற்று ஜூலை இறுதியில் முடிந்தது. எம்.ஆர்.ஐ.யில் ஒளிரும் பகுதி எதுவும் இல்லை, பழைய இடத்தில் தழும்பு மட்டும். கதிர் கொடுக்கவில்லை. ஆறாம் மாதம் வைரல் லோடு கண்டறியும் அளவுக்குக் கீழே. சிடி4 மெதுவாகத்தான் ஏறியது: ஆறாம் மாதம் 118, ஒன்றரை வருடத்தில் 236.

வீடு திரும்பும் முன் மகனுக்கு என்ன சொல்வது என்ற கேள்வி வந்தது. கேன்சர் என்பதை நாங்கள் சொன்னோம். எச்.ஐ.வி. பற்றி அவரே சொல்ல வேண்டும், எப்போது என்பதும் அவர் முடிவு என்று ஆலோசகர் உறுதியாக நின்றார். மூன்று மாதம் கழித்து அவரே சொன்னார். பையன் "அதனாலதான் அந்த டப்பாவை ஒளிச்சு வெச்சியா?" என்று மட்டும் கேட்டானாம்.

டப்பா இப்போது மாறிவிட்டது. எங்கள் மருந்தாளுநர் சொன்ன யோசனைப்படி டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்திருக்கிறார். சத்தம் வருவதில்லை.

நாங்கள் மாற்றியவை

மூளையில் வளையக் கட்டி என்று எங்கள் மருத்துவமனைக்குள் வரும் யாருக்கும் இப்போது முதல் டோஸ் ஸ்டீராய்டுக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை. உயிர் போகும் நிலை என்றால் மட்டும் விலக்கு. கேட்பது தனி அறையில், உறவினர் இல்லாமல். ஸ்டீராய்டு ஏற்கெனவே எடுத்தவர் என்றால், நிறுத்திக் குறைந்தது இரண்டு வாரமாவது விட்டு, கட்டி வளர்வதை மறு ஸ்கேனில் பார்த்த பிறகுதான் பயாப்சி. இடையில் நிலை மோசமானால் மட்டும் முன்கூட்டியே. அரங்கில் இடம் காலியாக இருக்கிறது என்பது இனி எங்களுக்கு ஒரு காரணமில்லை. அறுவைப் பட்டியலில் எச்.ஐ.வி. நிலையை வைத்து வரிசை மாற்றக்கூடாது என்று துறைக் கூட்டத்தில் தீர்மானம் ஆனது. ஆறு மாதம் ஒழுங்காக நடந்தது, பிறகு ஒரு முறை மறுபடி மீறப்பட்டது, மறுபடி எழுதினோம்.

மருந்து விட்டவர்களைத் தேடும் விதத்தில்தான் எனக்கு இன்னும் திருப்தியில்லை. மூன்று போன், ஒரு வீட்டு வருகை, அப்புறம் பதிவேட்டில் ஒரு குறி. ஏழு வருடம் தவறாமல் வந்தவர் ஒரு மாதம் வராவிட்டாலே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவர்களின் பட்டியலை இப்போது மாதாமாதம் தனியாக எடுக்கிறோம். ஊர் மாறும்போது முகவரி கேட்காமலே மாற்றுச் சீட்டு கொடுக்கிறோம் என்று முதல் நாளிலேயே எல்லோரிடமும் சொல்கிறோம். 2023-க்குப் பிறகு அப்படிச் சீட்டு கேட்டு வந்தவர்களில் மூன்று பேர், "வேலை செய்யற இடம் சொல்லணுமா?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

கடைசியாக 2024 டிசம்பரில் பார்த்தேன், நோய் உறுதியாகி 20 மாதம். லிம்போமா திரும்பவில்லை. வலிப்பு இல்லை. இடது கையின் பிடி கொஞ்சம் தளர்வு. கடிகாரம் வரையச் சொன்னேன். பன்னிரண்டு எண்ணும் வட்டம் முழுக்க வந்தன; 7, 8, 9 மட்டும் கொஞ்சம் நெருக்கமாக. செக்கிங் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. அதே கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை பார்க்கிறார், கூலி குறைவு. ஒரு பீஸை முடித்ததும் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை பார்க்கிறார்.